ஒன்பதாம் நம்பர் இல்லாத கிளப்

எங்கள் கார் பந்தயக் கிளப்பில் எந்த வண்டிக்கும் ஒன்பதாம் நம்பர் கிடையாது. எட்டுக்கு அப்புறம் நேராகப் பத்து. எங்கேயோ கொட்டகையில் கிடந்த பழைய காரைத் தேடிப் பிடித்து, நாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்து, ஆசையாகச் சேர வருகிறவர்கள், “எனக்கு ஒன்பது குடுங்க சார், என்னோட ராசி நம்பர்” என்பார்கள். “அந்த நம்பர் இங்க இல்லீங்களே” என்பேன். ஏன் என்று குடைந்தால், “அண்ணனைக் கேளுங்க” என்று கை காட்டிவிடுவேன். இன்ஜின் சத்தத்திலேயே காலம் தள்ளிய அண்ணனுக்கு இப்போது காது கேட்காது. விசாரணை அதோடு முடியும்.

அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. பட்டறைக்காரர், கிளப்பின் பழைய ஓட்டுநர். நான் சொல்ல வந்தது அவர் மனைவியின் கதையை. கிளப்பில் எல்லோருக்கும் அவர் அண்ணி. அவரைவிடப் பதினாறு வயது மூத்த பல் டாக்டருக்கும் அண்ணிதான். ஒருமுறை மைக் பிடித்திருந்த அண்ணனே, “அடுத்த முடிவை அண்ணி வாசிப்பாங்க” என்று வாய் தவறிச் சொல்லி, ஒரு மாதம் எங்கள் வாயில் விழுந்து புறப்பட்டார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும்.

அண்ணிக்கு வேலை பஸ் டிப்போவில். வாசலை ஒட்டிய சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு சுவர்க்கடிகாரம். உள்ளே வருகிற பஸ்ஸின் நம்பரும் நேரமும், வெளியே போகிற பஸ்ஸின் நம்பரும் நேரமும் எழுத வேண்டும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது, போனது எத்தனை, வந்தது எத்தனை என்று பொருந்த வேண்டும். ரப்பர் என்ற பொருளே அந்த அறையில் இருக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். “அடிச்சாலும் அடியில இருக்கறது படிக்கத் தெரியணும்” என்பார் அண்ணி. மளிகைப் பட்டியலில் சர்க்கரையை அடித்துவிட்டுக்கூட அவர் கையெழுத்துப் போடுவார் என்று அண்ணன் சொல்வார். மனுஷன் அளக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் அந்தப் பட்டியலை என் கண்ணாலேயே பார்த்தேன். சர்க்கரைக்கு மேல் ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆண்டுப் பந்தயத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், எங்கள் சுற்றுத்தாள் எழுதுகிற வாத்தியார் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். சுற்றுத்தாள் என்பது கட்டம் போட்ட பெரிய காகிதம். வண்டிகள் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும், எந்த வரிசையில் தாண்டின என்று நம்பர்களை எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரே தூசியும் புகையுமாக இருக்கும் இடத்தில் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்பது ஓட்டுகிறவனுக்கே தெரியாது. கடைசியில் ஜெயித்தது யார் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

கமிட்டி கூடியது. “எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. தினம் முந்நூறு பஸ் எழுதறா. நம்ம பதினாலு வண்டி அவளுக்கு எம்மாத்திரம்?” என்றார் அண்ணன்.

முணுமுணுப்பு கிளம்பியது. ஓட்டுகிறவன் பெண்டாட்டியே தாள் எழுதினால், வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஆகிவிடாதா? வேறு ஆளும் கிடைக்கவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “இந்த ஒரு தடவை உட்காரட்டும். சின்னதா ஒரு தப்பு வந்தாலும் அதோட சரி. வேற ஆளைப் பார்த்துக்கலாம்.”

அண்ணன் அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னார். அண்ணி கோபப்படவில்லை. தானும் ஒரு நிபந்தனை வைத்தார். ஓட்டுநர்களுக்கு இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அதனால் அவரவர் வீட்டு ஆட்கள் பாதை ஓரத்தில் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். மேலே வண்டி நம்பர், கீழே அது எத்தனையாவதாக ஓடுகிறது என்பது. பார்த்துவிட்டேன் என்று ஓட்டுநர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். எல்லாப் பெண்டாட்டிகளும் செய்கிற வேலை அது. “நான் பலகை தூக்க மாட்டேன். தாள் எழுதற கை பலகை தூக்கக் கூடாது” என்றார் அண்ணி. அன்றிலிருந்து ஒரு பந்தயத்தில்கூட அண்ணன் பக்கம் அவர் கையசைத்ததில்லை.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் மூக்கில் விளக்கெண்ணெய் வாசனை வருகிறது. அந்தக் காலத்துப் பந்தய இன்ஜின்களுக்கு அதைத்தான் ஊற்றுவோம். கைவிடப்பட்ட விமான ஓடுபாதை, திருப்பங்களில் வைக்கோல் கட்டுகள், மணல் வாளிகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. வெளியாட்கள் எங்களை “விளக்கெண்ணெய்ப் பார்ட்டிங்க” என்பார்கள். இரண்டு அர்த்தத்திலும்தான் சொன்னார்கள், எங்களுக்குத் தெரியும். கவலைப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

கோட்டுக்கு நேர் எதிரே மரப்பலகையால் ஒரு கூண்டு. அதில் இரண்டு நாற்காலி. ஒருவர் பார்த்து நம்பரைக் கூப்பிட, ஒருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் தலை நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் ஒரு வண்டி தப்பிவிடும். கூப்பிடுகிறவன் நான். வயது இருபத்து நாலு. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்குப் பார்வை கூர்மையாக இருக்கும் என்று கமிட்டியில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. கமிட்டியின் அறிவு அவ்வளவுதான்.

அண்ணன் வண்டி ஒன்பதாம் நம்பர். பல் டாக்டருடையது ஆறு. இரண்டும் ஒரே கருநீலம். டாக்டர் தன் காரை அண்ணன் பட்டறையில் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார், மீந்த பெயிண்ட்டை அண்ணன் தன் வண்டிக்கு அடித்துக்கொண்டார். நம்பரை வெள்ளைத் தகரத் தட்டில் எழுதி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஸ்க்ரூ போட்டுக் கதவில் மாட்டுவோம்.

மொத்தம் இருபது சுற்று. ஏழாவது சுற்றில் அண்ணன் பிளக் மாற்ற நின்றார். அரைச் சுற்று போயிற்று. அதற்கப்புறம் அவர் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, வார்த்தையில் சொல்ல வராது. சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். என் பக்கத்தில் அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. கடைசிச் சுற்றில் தூசிக்குள்ளிருந்து இரண்டு கருநீல வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. முன்னால் வந்ததன் தட்டைப் பார்த்தேன். “ஆறு!” என்றேன். பின்னால் வந்ததன் தட்டு புழுதியில் தெரியவில்லை. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, இன்னொரு நீலம் எதுவென்று எனக்குத் தெரியாதா? “ஒன்பது!” என்றேன். அண்ணி எழுதினார்.

கூட்டத்தில் சிலர், பட்டறைக்காரர்தானே முதலில் வந்தார் என்று சலசலத்தார்கள். தலைவர் நேரே அண்ணனிடம் போனார். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தன் வண்டிப் பக்கத்தில் குனிந்திருந்தார் அண்ணன்.

“முப்பது நிமிஷம் டைம் இருக்கு. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுப்பா.”

அண்ணன் நிமிராமலே கேட்டார்: “தாள்ல என்ன இருக்கு?”

“ஆறு, ஒன்பது.”

“அப்ப அதான்.”

கோப்பை டாக்டருக்குப் போயிற்று. வெள்ளிக் கோப்பையில், ஜெயித்தவர்கள் வரிசையில், அவர் பெயரை வெட்டிப் பொறித்தார்கள். அடுத்த வருஷம் அண்ணன் வண்டியின் கிராங்க் ஒடிந்தது. அதற்கடுத்த வருஷம் மழை. அப்புறம் ஏதேதோ. அந்தக் கோப்பையில் அவர் பெயர் ஏறவே இல்லை.

நம்பர் தட்டுகள் செய்வது அண்ணன் பட்டறையில்தான். மறுவருஷம் பெட்டியைத் திறந்தால் ஒன்பதைக் காணோம். கேட்டதற்கு, “ராசியில்லாத நம்பர், தூக்கிப் போட்டுட்டேன்” என்றார். அண்ணிக்கு அவல் கிடைத்தது. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்டத் தெரியாதவருக்கு நம்பர் கோணல்!” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் பந்தயத்தன்று காலையில் அந்தப் பழமொழி ஒருமுறை வந்தே தீரும். அது இல்லாமல் எங்களுக்குப் பந்தயம் தொடங்காது என்று ஆகிவிட்டது.

அப்புறம் கிளப்பே அண்ணி கைக்கு வந்தது. வாத்தியாருக்கு உடம்பு தேறியும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பத்து வருஷத்தில் அண்ணி செயலாளர். அனுமதிக் கடிதம், ஆம்புலன்ஸ், வைக்கோல் கட்டு, கொடிக்காரர்களுக்குத் தொப்பி, ஓடுபாதையில் திரியும் நாய்களைப் பந்தயத்துக்கு முந்தின நாள் விருந்து வைத்து வேறு பக்கம் இழுக்கிற வேலை வரை எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். டிப்போவில் இரவு ஷிப்ட் முடித்து, முகம் கழுவிக்கொண்டு, நேராக ஓடுபாதைக்கு வருவார். பிரேக் சரியில்லாத வண்டியோடு வந்து நின்ற ஒரு பெரிய மனிதரை, “இந்தக் காரை வீட்டுல கண்ணாடி அலமாரியில வைங்க, அழகா இருக்கும்” என்று திருப்பி அனுப்பினார். தகராறு எது வந்தாலும் முடிவு ஒன்றுதான்: அண்ணி எழுதினது எழுதினதுதான். இப்போது வண்டிக்கடியில் ஒரு சின்ன டப்பாவைக் கட்டிவிட்டால் நேரம் தானாகத் திரையில் வருகிறது. ஒரு வருஷம் அதுவும் மக்கர் செய்தது. இளைஞர்கள் எல்லாம் அசடு வழிய அண்ணி தாளைத் தேடி ஓடிவந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவே இல்லை.

முப்பத்தெட்டு வருஷமாக மைதானத்திலேயே நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தும், அண்ணி ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. எல்லாமே என் வாய் சொல்லக் கேட்டதுதான்.

இந்த வருஷம் கிளப்புக்குப் பொன்விழா. அதோடு விலகிக்கொள்வதாக அண்ணி சொல்லியிருந்தார். அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கத் தீர்மானித்து, செய்தும் வாங்கிவிட்டோம். “ஒரு தப்பும் இல்லாத முப்பத்தெட்டு ஆண்டுகள்” என்று பொன்னிற எழுத்து. வாசகம் என்னுடையதுதான். அதோடு ஒரு புகைப்படக் காட்சி. காலமாகிவிட்ட எங்கள் போட்டோகிராபரின் மகள் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் படங்கள் கொண்டுவந்து கொடுத்தாள். கடையில் உட்கார்ந்து, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அந்தப் படம் வந்தது. கோடு, தூசி, இரண்டு கருநீல வண்டிகள். முன் வண்டியின் தட்டில் ஆறு. பின் வண்டியின் தட்டில், புழுதிக்கு அடியில் மங்கலாக, அதுவும் ஆறு. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முன் வண்டியின் கதவில் மேல் ஸ்க்ரூ இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. தட்டு கீழ் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது தலைகீழானால் ஆறுதானே!

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சொல்வார்களே, எனக்கும் அண்ணிக்கும் சேர்த்தே சொல்லிவைத்த மாதிரி இருந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

அண்ணன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிரீஸ் டப்பாவின் மூடியை எடுத்து, கந்தல் துணியால் துடைத்து, என் முன்னால் வைத்தார். அது மூடி இல்லை, ஒன்பதாம் நம்பர் தட்டு.

‘அன்றைக்கே தெரியுமா?’ என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

“வண்டியை விட்டு இறங்கினதுமே பார்த்தேன். டாக்டர் மேல தப்பு இல்ல. நான் ஒரு சுத்து பின்னாடி இருக்கேன்னு நினைச்சு வழி விட்டார். யாராவது பார்க்கறதுக்குள்ள தட்டைத் திருப்பி ஸ்க்ரூவைப் போட்டுட்டேன்.” காது கேட்காதவர் என்பதால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “ஆட்சேபணை எழுதியிருந்தா கோப்பை எனக்குத்தான். ஆனா அவளை எந்திரிக்கச் சொல்லியிருப்பாங்க. ரெண்டு நாளா வீட்டுல கட்டம் போட்டுப் போட்டுப் பழகினாப்பா அவ. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். நம்பர் இருந்தாத்தானே மறுபடி குழப்பம் வரும்னு அதையும் எடுத்துட்டேன்.” படத்தை என்னிடம் நீட்டினார். “கிழிச்சுப் போட்டுடு.”

கிழிக்க மனம் வரவில்லை. கடையின் மேஜை டிராயரில், உடைந்த கண்ணாடிச் சட்டங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மீதியைக் கிளப் அறையின் சுவரில் மாட்டினேன். தப்பித்தோம் என்று நினைத்தேன். டிப்போ வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவரிடம் தப்பிக்க முடியுமா?

“தம்பி, அந்தப் பொண்ணு கொண்டுவந்தது நாற்பத்தொண்ணு. சுவத்துல இருக்கறது நாற்பது. ஒண்ணு எங்க?”

நான் விழித்த விழியே போதுமானதாக இருந்தது. அரை மணி நேரத்தில் அண்ணி என் கடையில், என் நாற்காலியில், என் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“அவருக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி” என்றேன்.

“சறுக்கினது யானைக்குத் தெரியணும்ல?” என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. “கூடம் கோணல், நம்பர் கோணல்னு வருஷா வருஷம் எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேனே தம்பி. நம்பர் நிஜமாவே கோணலாத்தான் இருந்திருக்கு. அந்த மனுஷன் கூடச் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு நின்னாரே!”

எனக்கும் அழுகை வந்தது. தப்பாகக் கூப்பிட்ட வாய் என்னுடையதுதானே. “அந்தக் கேடயத்தை என் கண்ணுல காட்டாதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் அண்ணி வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். “சாப்பாடு வருது, பேச்சு வரல” என்றார். காது கேட்காதவருக்குப் பேச்சு வரவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று எழுதிக் கேட்டேன். “வாய் அசையலயேப்பா” என்றார் பரிதாபமாக.

பொன்விழாப் பந்தயத்தன்று காலை ஓடுபாதையில் வழக்கமான பழமொழிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அண்ணி மேடை ஏறினார். கையில் பழுப்பேறிய அந்தச் சுற்றுத்தாள். மைக்கைச் சரிசெய்துகொண்டு, டிப்போவில் ராத்திரிக் கணக்கை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

“முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஆண்டுப் பந்தயம். திருத்தப்பட்ட முடிவு. கடைசிச் சுற்றில் கூப்பிட்டது தப்பு, எழுதினதும் தப்பு. முதல் இடம், வண்டி எண் ஒன்பது. இரண்டாம் இடம், வண்டி எண் ஆறு. சட்டப்படி முப்பது நிமிஷம் அவகாசம். ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்.”

எல்லோர் முன்னாலும் இரண்டு நம்பரையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்தார். சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். என்னையும் கூப்பிட்டுக் கீழே கையெழுத்து வாங்கினார். அப்புறம் ஸ்டாப்வாட்சை அமுக்கி மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் நகரவில்லை. ஆட்சேபிக்க உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிஷம் போனபின் பல் டாக்டர் மெதுவாக எழுந்தார். மேஜைவரை வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

“ஆட்சேபணை இல்ல அண்ணி, ஒரு சந்தேகம். கோப்பையில என் பேரை வெட்டியாச்சே. வெள்ளியாச்சே. அதை என்ன செய்யறது?”

“ஒத்தைக் கோடு போட்டு அடிங்க டாக்டர்,” என்றார் அண்ணி. “அடியில உங்க பேர் படிக்கத் தெரியணும்.”

டாக்டர் பொக்கை வாயால் சிரித்தார். ஊர்ப் பல்லையெல்லாம் பார்த்தவருக்கு ஒரு பல்லும் மிஞ்சவில்லை.

இத்தனையும் நடந்தது அண்ணனுக்குத் தெரியாது. அவர் தூரத்தில், ஓடுபாதை ஓரத்தில், தன் கருநீல வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது நிமிஷம் முடிந்ததும் அண்ணி வாட்சை நிறுத்தினார். கூண்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகை ஒன்றை எடுத்தார். சாக்பீஸால் மேலே ஒன்பது என்று எழுதினார். கீழே ஒன்று என்று எழுதினார். ஒன்பதுக்கு அடியில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார், யாரும் தலைகீழாகப் படித்துவிடக் கூடாதே.

ஓட்டுநர்கள் பார்க்கிற தூரத்தில், பாதை ஓரத்தில் போய் நின்று, இரண்டு கைகளாலும் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அண்ணன் முதலில் யாருக்கோ காட்டுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடி பலகையைப் பார்த்தார். பார்த்துவிட்டேன் என்று வலது கையை ஒருமுறை உயர்த்திக் காட்டினார். அண்ணி பலகையை இறக்கவில்லை.